கிளஸ்டர் யாம்லில் பழசாகிப்போன ஆவண லிங்குகள்: யார் மாற்றுவது, எப்போது மாற்றுவது?

பாலாற்றங்கரை · ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆர்டர், ஸ்டாக் மென்பொருளை நாங்கள் நான்கு பேர் கவனித்துக்கொள்கிறோம். பல கணினிகளை (நோட்களை) ஒரே கிளஸ்டராகச் சேர்த்து மென்பொருளை ஓட்டும் குபர்நெட்டீஸ்தான் அடித்தளம்: க்யூப்அட்மின் என்ற நிறுவும் கருவி வைத்து நிறுவிய மூன்று நோட் கிளஸ்டர், பதிப்பு 1.28. அதன் அமைப்புகளை யாம்ல் என்ற எழுத்து ஃபைல்களில் எழுதி வைக்கிறோம். பழைய பதிப்பு என்று தெரியும், அதை உயர்த்துவது தனிக் கதை.

போன வியாழன் இரவு இரண்டு மணிக்கு, பெர்சிஸ்டென்ட் வால்யூம் (நிரந்தரச் சேமிப்பு இடம், சுருக்கமாக பிவி) நிரம்பப் போகிறது என்று ப்ரொமீதியஸ் கண்காணிப்பு மென்பொருளிலிருந்து அலர்ட் வந்தது. டியூட்டியில் இருந்த தம்பி வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அலர்ட்டோடு வந்த ரன்புக் (என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு) லிங்கைத் தட்டியிருக்கிறான். அது எங்கள் பழைய விக்கிக்குப் போகிறது. அந்த விக்கியை மூடி எட்டு மாதம் ஆகிறது. மூடியது நாங்கள்தான், அலர்ட் விதிகளுக்குள் அதன் முகவரி கிடக்கிறது என்று எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரி என்று ஹெல்ம் (சார்ட் என்ற தொகுப்பாக மென்பொருளை நிறுவும் கருவி) வேல்யூஸ் ஃபைலைத் திறந்திருக்கிறான். வால்யூம் பகுதிக்கு மேலே ஒரு கமென்ட், அதில் குபர்நெட்டீஸ் தளத்தின் 'யூசர் கைடு' பக்கத்துக்கு லிங்க். அந்த யூசர் கைடு பிரிவையே பல வருடம் முன்பு கலைத்து கான்செப்ட்ஸ், டாஸ்க்ஸ், டுடோரியல்ஸ் என்று பிரித்துவிட்டார்கள். ஆனாலும் தளம் ரீடைரக்ட் செய்து இன்றைய பெர்சிஸ்டென்ட் வால்யூம் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

அந்தப் பக்கத்தைப் படித்து பிவிசி (வால்யூமைக் கேட்கும் கோரிக்கை) அளவைக் கூட்டியிருக்கிறான். பதற்றத்தில் ஒரு சைபர் அதிகமாக விழுந்துவிட்டது. ஸ்டோரேஜில் அவ்வளவு இடம் இல்லை, விரிவாக்கம் தோல்வி. அதே பக்கத்தில் கீழே, தோற்றுப்போனால் அளவைக் குறைத்து மறுபடி முயலலாம் என்று இருக்கிறது. குறைத்தான். கிளஸ்டரின் கட்டளைகளை வாங்கும் ஏபிஐ சர்வர் ஏற்கவில்லை. அந்த வசதி 1.23இல் ஆல்ஃபாவாக வந்து, 1.32இல்தான் பீட்டா ஆகித் தானாகவே இயங்கும் நிலைக்கு வந்தது. எங்கள் 1.28இல் அது அணைந்து கிடக்கிறது. எந்தப் பதிப்பிலிருந்து என்று அந்தப் பகுதியின் தலையில் போட்டுத்தான் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு, அலர்ட் கத்திக்கொண்டிருக்கும்போது, அது யார் கண்ணில் படும்?

நாற்பது நிமிடம் தனியாகப் போராடிவிட்டு எனக்கு போன் செய்தான். பிவிசி போனாலும் டேட்டா அழியாதபடி பிவியை ரீடெய்ன் ஆக்கி, பிவிசியை நீக்கி, பழைய பிவிசியைச் சுட்டும் க்ளெய்ம்ரெஃப்பை எடுத்து, சரியான அளவில் புதிய பிவிசி கட்டி முடிக்கும்போது நாலரை மணி.

அந்தப் பையன் மேல் நான் தப்பே சொல்ல மாட்டேன். கான்ஃபிக்கில் இருந்த லிங்கை நம்பினான். நம்பத்தானே அதை வைத்திருக்கிறோம்? மறுநாள் கான்ஃபிக் எல்லாம் இருக்கும் ரெப்போவில் தேடிப் பார்த்தேன். கமென்ட், அனோடேஷன் (கிளஸ்டரில் உள்ள பொருளோடு ஒட்டி வைக்கும் குறிப்பு), அலர்ட் விதி, சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை ஓட்டுவது) யூனிட் ஃபைல் என்று எல்லா இடத்திலும் லிங்குகள். எது உயிரோடு இருக்கிறது, எது எங்கள் பதிப்புக்குப் பொருந்தும் என்று எழுதி வைத்தவர் யாருமில்லை. நீங்கள் இதை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

காட்பாடி_ஜங்ஷன் · ஞாயிறு இரவு 10.15

பையன் மேல் தப்பில்லை என்று சொன்னதற்கு முதலில் நன்றி தம்பி. புதிதாக வந்தவர்கள் தலையில் கட்டிவிடுகிற இடங்கள்தான் அதிகம்.

ஆனால் கான்ஃபிக்கில் லிங்கே வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. லிங்கை எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், லிங்க் அப்படியே கிடக்கும். ஒரு ஃபீல்டு என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமா, 'க்யூப்சிடிஎல் எக்ஸ்ப்ளெய்ன்' கட்டளை அடித்தால் போதும். அது உங்கள் கிளஸ்டரின் ஏபிஐ சர்வரிடமே கேட்டுச் சொல்கிறது. 1.28 ஓடினால் 1.28இன் விளக்கம்தான் வரும், பதிப்புக் குழப்பமே கிடையாது. மற்றதைத் தேடிக்கொள்ளலாம்.

வாலாஜாரோடு · ஞாயிறு இரவு 10.52

எக்ஸ்ப்ளெய்ன் நல்ல வழிதான் அண்ணா, நானும் தினமும் அடிக்கிறேன். ஆனால் அந்த விளக்கத்தின் கடைசி வரியைப் பாருங்கள். பாதி ஃபீல்டுகளில் 'மேலும் தகவலுக்கு' என்று குபர்நெட்டீஸ் தளத்தின் லிங்க்தான் இருக்கும், அதுவும் பதிப்பு எண் இல்லாமல். தட்டினால் இன்றைய பக்கம் திறக்கும். தம்பி விழுந்த அதே குழி.

இன்னொன்று. ஃபீல்டு என்ன செய்யும் என்பதை எக்ஸ்ப்ளெய்ன் சொல்லும். நாம் ஏன் இந்த மதிப்பை வைத்தோம் என்பதை அது சொல்லாது. பாட் (மென்பொருள் ஓடும் சிறிய அலகு) நிற்கக் கொடுக்கும் அவகாசம், டெர்மினேஷன் கிரேஸ் பீரியட், நாம் எதுவும் வைக்காவிட்டால் 30 விநாடி. எங்களிடம் ஒரு சர்வீஸுக்கு 90 வைத்திருக்கிறோம். அதற்கு மேலே இருக்கும் கமென்ட் இது:

> # 30 விநாடி போதவில்லை. மாதக் கடைசி ரிப்போர்ட் எழுதி முடிக்க 80 வரை ஆகிறது.
> # பாட் நிறுத்தப்படும் வரிசை: 1.28 ஆவணம், பாட் லைஃப்சைக்கிள் பக்கம், 'பாட் டெர்மினேஷன்' தலைப்பு

இதில் லிங்கே செத்துப்போனாலும் முதல் வரி உயிரோடு இருக்கும். பக்கத்தின் பெயரும் தலைப்பும் இருப்பதால் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். வெறும் முகவரியை மட்டும் ஒட்டி வைத்தால் அது போன பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம், எதில் வைக்கிறோம் என்பதும் பெரிய விஷயம். யாம்ல் கமென்ட் கிளஸ்டருக்குள் போவதே இல்லை. க்யூப்சிடிஎல் அப்ளை செய்யும்போதே கழன்றுவிடும். ரெப்போ கையில் இல்லாமல் கிளஸ்டரை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த லிங்க் இல்லாத மாதிரிதான். அவருக்கும் தெரிய வேண்டும் என்றால் அனோடேஷனில் போட வேண்டும். பொருட்களைத் தேர்ந்தெடுக்க ஒட்டும் லேபிளில் போட முடியாது. லேபிள் மதிப்பு 63 எழுத்துக்கு மேல் போகாது, சாய்கோடும் முக்காற்புள்ளியும் அதில் ஏறாது. அனோடேஷனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, எல்லாம் சேர்த்து 256 கிலோபைட் வரை தாங்கும்.

பாலாற்றங்கரை · ஞாயிறு இரவு 11.20

காரணத்தை லிங்குக்கு முன்னால் எழுதுவது என் மண்டையில் உறைத்தது. எங்கள் ஃபைல்களில் பாதி கமென்ட் 'பார்க்க:' என்று போட்டு ஒரு முகவரி, அவ்வளவுதான். அதில் பல, சார்ட்டை எழுதியவர்கள் போட்டதை நாங்கள் அப்படியே காப்பி எடுத்தது.

வாணியம்பாடி · திங்கள் காலை 7.05

ரீடைரக்ட் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

எங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருக்கிறது. 1989இல் அதைப் பிரித்தபோது நாங்கள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனோம், திருவண்ணாமலைப் பக்கம் சம்புவராயர் மாவட்டம் ஆனது. பின்பு வேலூர் மாவட்டம் என்றார்கள். 2019இல் மறுபடி மூன்றாகப் பிரித்து இப்போது நாங்கள் திருப்பத்தூர் மாவட்டம். வீடு இடம் மாறவே இல்லை. வட ஆற்காடு என்று எழுதி வந்த கடிதம்கூட என் அப்பா காலத்தில் வந்து சேர்ந்தது, தபால்காரருக்குத் தெரியும் என்பதால். ரீடைரக்ட் என்பது அந்தத் தபால்காரர் மாதிரி. குபர்நெட்டீஸ் தளத்தின் ரெப்போவிலேயே பழைய முகவரி இது, புதிய முகவரி இது என்று ஒரு நீளமான ஃபைல் இருக்கிறது. யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக அதைப் பராமரிக்கிறார்கள். அந்த உழைப்பால்தான் யூசர் கைடு காலத்து லிங்குகள் இன்றும் எங்கேயாவது போய்ச் சேருகின்றன.

ஆனால் முகவரியின் வாலில் வரும் தலைப்புக் குறி இருக்கிறதே, அந்த ஹாஷுக்குப் பிறகு வருவது, அது சர்வருக்கே போகாது. பிரவுசர் தன்னிடமே வைத்துக்கொண்டு, ரீடைரக்ட் ஆன பிறகு புதிய பக்கத்தில் தேடும். வேலூர் கலெக்டர் ஆபீசில் 'மூன்றாவது அறை' என்று சொல்லி அனுப்பியவர், திருப்பத்தூர் ஆபீசுக்குத் திருப்பி விடப்பட்ட பிறகும் மூன்றாவது அறையையே தேடுவது போல. அந்தத் தலைப்பு புதிய பக்கத்தில் இல்லையென்றால் பிழை எதுவும் காட்டாது, பக்கத்தின் தலையில் நிறுத்திவிடும். நிலைக்குறியீடு 200 (எல்லாம் சரி) என்று வரும். படிக்க வந்தவருக்குத் தேவையான பத்தி எங்கே என்று தெரியாது.

ஆகவே 301 (நிரந்தரமாக இடம் மாறியது) வந்தால் 'சரி, வேலை செய்கிறது' என்று விட்டுவிடாதீர்கள். புதிய முகவரியைக் கையோடு எழுதிவிடுங்கள். அந்தத் தபால்காரர் எத்தனை நாள் வேலையில் இருப்பார் என்பது நம் கையில் இல்லை.

ஆம்பூர்_ஆப்ஸ் · திங்கள் காலை 9.30

எல்லோரும் லிங்கை மாற்றச் சொல்கிறீர்கள். மாற்றி அடிபட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

நான் முன்பு இருந்த இடத்தில் விக்கி முகவரி மாறியது. நல்ல காரியம் என்று நானே எல்லா மேனிஃபெஸ்டிலும் தேடி மாற்றினேன். ஆவண லிங்க்தானே, வெறும் அனோடேஷன்தானே என்று ரிவ்யூவில் ஒருவரும் நின்று பார்க்கவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு அப்ளை ஆனது. அத்தனை டெப்ளாய்மென்டும் (பாட்களை ஓட வைக்கும் வரையறை) ஒரே நேரத்தில் ரோலவுட், அதாவது பாட்களைப் புதிதாக மாற்றுவது, ஆரம்பித்தது. கவுன்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தவர்களின் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. மெமரி ஏற்கெனவே இறுக்கமாக இருந்த நோட்களில் புதிய பாட்கள் பென்டிங்கில் நின்றன.

காரணம் என்னவென்றால், அனோடேஷன் இரண்டு இடத்தில் இருக்கலாம். டெப்ளாய்மென்டின் மேல் மெட்டாடேட்டாவில் இருந்தால் மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே பாட் டெம்ப்ளேட்டின் மெட்டாடேட்டாவில் இருந்தால், ஒரு எழுத்து மாறினாலும் டெம்ப்ளேட் மாறியதாகத்தான் கணக்கு. புதிய ரெப்ளிகாசெட் (பாட்களின் தொகுதி), புதிய பாட்கள். எங்கள் லிங்குகள் எல்லாம் உள்ளே இருந்தன.

இரண்டாவது, கான்ஃபிக்மேப், அதாவது பாட்களுக்குக் கொடுக்கும் கான்ஃபிக்கை வைக்கும் பொருள். அதன் டேட்டாவுக்குள் ஒரு என்ஜின்எக்ஸ் ஃபைலோ ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலோ வைத்திருப்போம். அந்த ஃபைலுக்குள் இருக்கும் கமென்ட், யாம்ல் கமென்ட் மாதிரி கழன்றுவிடாது. அது வெறும் எழுத்துச் சரம், அப்படியே சேமிப்பில் இருக்கும். ஹெல்ம் சார்ட்டில் பலரும் கான்ஃபிக்மேப்பின் ஷா256 குறியெண்ணை (உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் இது மாறும்) எடுத்து பாட் டெம்ப்ளேட்டில் 'செக்சம்' அனோடேஷனாகப் போடுகிறோம், கான்ஃபிக் மாறினால் பாட் தானாக மறுபடி எழும்பட்டும் என்று. நல்ல ஏற்பாடு. ஆனால் கமென்டில் உள்ள லிங்கைத் திருத்தினாலும் குறியெண் மாறும், பாட் மறுபடி எழும்பும். கான்ஃபிக்மேப்பை இம்யூட்டபிள் (மாற்ற முடியாதது) என்று குறித்திருந்தால் கமென்டைக்கூடத் தொட முடியாது, புதிய பெயரில் இன்னொன்று செய்ய வேண்டியதுதான்.

அதனால் இப்போது எங்கள் இடத்தில் லிங்க் எல்லாம் மேல் மெட்டாடேட்டாவில் மட்டும். உள்ளே இருக்கும் பழைய லிங்குகளைத் தனியாகத் திருத்துவதில்லை. அடுத்த ரிலீஸ் எப்படியும் பாட்டை மாற்றப் போகிறது, அதோடு சேர்த்து மாற்றுகிறோம். அப்ளை செய்வதற்கு முன் 'க்யூப்சிடிஎல் டிஃப்' பார்க்காமல் யாரும் என்டர் தட்டுவதில்லை.

காட்பாடி_ஜங்ஷன் · திங்கள் காலை 9.48

ஆம்பூர் தம்பி சொன்னது பொன் மாதிரி. இதைத்தான் நான் வேறு வார்த்தையில் சொல்ல வந்தேன். லிங்கும் கான்ஃபிக்தான், அதற்கும் செலவு இருக்கிறது.

பாகாயம்_மாணவி · திங்கள் மதியம் 1.20

வணக்கம், நான் கடைசி வருடம் படிக்கிறேன். லேபில் கிளஸ்டர் நிறுவும் பயிற்சிக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். பேக்கேஜ் எடுக்க பழைய ஏபிடி.குபர்நெட்டீஸ்.ஐஓ முகவரியும், இமேஜ்களுக்கு (பாட் ஓடத் தேவையான தொகுப்புகள்) கே8எஸ்.ஜிசிஆர்.ஐஓ முகவரியும் போட்டிருந்தது. அப்டேட் நடுவில் நின்றுவிட்டது. லேப் கணினிகள் எல்லாவற்றிலும் அதே கதை, இரண்டு மணி நேரம் போய்விட்டது. இதுவும் இந்த லிங்க் விஷயத்தில் சேருமா, இல்லை வேறா? அப்புறம், செத்த லிங்கைக் கண்டுபிடிக்க என்ன கருவி வைத்திருக்கிறீர்கள்?

வாலாஜாரோடு · திங்கள் மாலை 6.10

நல்ல கேள்விம்மா. இரண்டும் வேறு. மனிதர் படிப்பதற்கான லிங்க் ஒன்று, இயந்திரம் போய் எதையோ எடுத்துவரும் லிங்க் இன்னொன்று. உங்களுடையது இரண்டாவது. பழைய இமேஜ் ரிஜிஸ்ட்ரியை 2023 ஏப்ரல் 3 அன்று உறைய வைத்துவிட்டு ரிஜிஸ்ட்ரி.கே8எஸ்.ஐஓவுக்குப் போகச் சொன்னார்கள். பேக்கேஜ் ரெப்போவை அதே வருடம் செப்டம்பர் 13 அன்று உறைய வைத்தார்கள், இப்போது பிகேஜிஎஸ்.கே8எஸ்.ஐஓ. புதிய பேக்கேஜ் முகவரியில் கவனிக்க வேண்டிய ஒன்று: ஒவ்வொரு மைனர் பதிப்புக்கும் தனி முகவரி. 1.28இலிருந்து 1.29க்குப் போக வேண்டுமானால் முகவரியையே திருத்த வேண்டும். கையேட்டில் இதையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

கருவிக்கு வருவோம். நான் லிச்சி பயன்படுத்துகிறேன், ரஸ்ட்டில் எழுதியது, வேகமானது. யாம்ல் ஃபைலையும் எழுத்தாகப் படித்து லிங்குகளைப் பொறுக்கும். ஆனால் கருவி 'எல்லாம் பச்சை' என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

404, 410 வந்தால் சந்தேகமில்லை, போய்விட்டது. 301 என்றால் வாணியம்பாடி அண்ணன் சொன்னது போல முகவரியைத் திருத்துங்கள். 429 என்றால் நீங்கள் அடிக்கடி கேட்கிறீர்கள், கொஞ்சம் பொறு என்று அர்த்தம். கிட்ஹப் லிங்குகள் நிறைய இருந்தால் இது வரும், அதைச் சாவாக எண்ண வேண்டாம். ஆபத்தானது 200தான். லாகின் கேட்கும் உள் விக்கி, பக்கம் இல்லாவிட்டாலும் லாகின் பக்கத்தைக் காட்டி 200 கொடுக்கும். 'பக்கம் கிடைக்கவில்லை' என்று அழகாக எழுதிக் காட்டிவிட்டு 200 கொடுக்கும் தளங்களும் உண்டு. தலைப்புக் குறியைச் சோதிக்கக் கருவி பக்கத்தை முழுதாக இறக்கிப் பார்க்க வேண்டும். லிச்சியில் அதற்குத் தனி ஆப்ஷன் உண்டு, கேட்டால்தான் செய்யும்.

கமென்டில் லிங்க் முடிந்ததும் முற்றுப்புள்ளியோ அடைப்புக்குறியோ ஒட்டி இருந்தால் அதையும் முகவரியோடு சேர்த்துவிடும் கருவிகள் உண்டு. லிங்கைத் தனி வரியில் போடுங்கள், தொல்லை இல்லை. ஹெல்ம் டெம்ப்ளேட்டில் இரட்டை மீசை அடைப்புக்குள் துண்டு துண்டாகக் கட்டிய லிங்கை எந்தக் கருவியும் பிடிக்காது. முதலில் 'ஹெல்ம் டெம்ப்ளேட்' ஓட்டி, வெளிவரும் யாம்லைச் சோதிக்க வேண்டும்.

ஓட்டுவது வாரம் ஒருமுறை போதும், ஞாயிறு இரவு. ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓட்டித் தடுக்காதீர்கள். எங்கோ ஒரு தளம் பத்து நிமிடம் படுத்ததற்காக நம் ரிலீஸ் நிற்கக் கூடாது.

காட்பாடி_ஜங்ஷன் · திங்கள் இரவு 8.30

இயந்திரம் எடுக்கும் லிங்க் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இதில் எனக்கு உண்மையான பயம் இருக்கிறது. 'க்யூப்சிடிஎல் அப்ளை' கட்டளைக்கு நேராக ஒரு வெளி முகவரியைக் கொடுக்கும் ஸ்கிரிப்ட்கள் பல இடங்களில் இன்னும் ஓடுகின்றன. நெட்வொர்க் ப்ளகின், டாஷ்போர்டு, இன்கிரஸ் எல்லாம் அப்படித்தான் நிறுவினோம். டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால் வேறொருவர் வாங்கலாம். அன்றைக்கு அந்த முகவரியில் என்ன யாம்ல் இருக்கும்? கிளஸ்டர் அட்மின் உரிமையோடு நாமே அதை உள்ளே விடுவோம். படிக்கிற லிங்க் செத்தால் தூக்கம் கெடும். இந்த லிங்க் கை மாறினால் கிளஸ்டரே போகும். அதனால் அந்த யாம்லை ரெப்போவுக்குள் இறக்கி வைத்து, எந்தப் பதிப்பு, எங்கிருந்து எடுத்தது என்று மேலே எழுதி, அங்கிருந்து அப்ளை செய்யுங்கள்.

படிக்கிற லிங்க் விஷயத்தில் என் நிலையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். காரணத்தோடு இருக்கட்டும். ஆனால் எந்தப் பதிப்பின் பக்கத்துக்கு? இன்றைய பக்கத்துக்கு வைத்தால் தம்பிக்கு நடந்தது நடக்கும். பதிப்பைக் கட்டிப்போட்டால் கிளஸ்டரை உயர்த்திய பிறகு பழைய பக்கத்தையே படித்துக்கொண்டிருப்போம். வருடத்துக்கு மூன்று பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 14 மாதம் ஆதரவு. குபர்நெட்டீஸ் தளம் நடப்புப் பதிப்பையும் அதற்கு முந்தைய நான்கையும்தான் பராமரிக்கிறது. யார் உட்கார்ந்து மாற்றுவது?

வாணியம்பாடி · திங்கள் இரவு 9.02

கட்டிப்போடத்தான் வேண்டும். ஓடுவது 1.28 என்றால் படிப்பதும் 1.28. உயர்த்தும் நாளில் லிங்கையும் உயர்த்துவது அந்த வேலையின் பகுதி. லிங்கை மாற்றப் போகும் சாக்கில் அந்தப் பக்கத்தில் என்ன மாறியிருக்கிறது என்று ஒருமுறை கண்ணோட்டம் விடுவோம். பாட் செக்யூரிட்டி பாலிசி என்ற வசதி 1.25இல் போனபோது எங்களுக்கு அப்படித்தான் முன்கூட்டியே தெரிந்தது. புதிய பதிப்பின் முகவரியில் அந்தப் பக்கம் 'இது நீக்கப்பட்டது' என்று சொன்னது.

பாலாற்றங்கரை · திங்கள் இரவு 9.25

எங்களிடம் கையால் மாற்ற ஆள் இல்லை. ஹெல்மில் கிளஸ்டரின் பதிப்பைக் கேட்டு வாங்க கேப்பபிலிட்டீஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதிலிருந்து மைனர் எண்ணை எடுத்து, லிங்கின் முன்பகுதியைத் தானாகக் கட்டினால் என்ன?

ஆம்பூர்_ஆப்ஸ் · திங்கள் இரவு 10.10

செய்து பார்த்தேன், இரண்டு இடத்தில் இடறியது. சில மேகச் சேவைகளில் மைனர் எண் '28' என்று வராது, '28+' என்று ஒரு கூட்டல் குறியோடு வரும். லிங்க் கெட்டுவிடும். அந்தக் குறியை வெட்டி எடுக்க வேண்டும். இன்னொன்று, கிளஸ்டரோடு பேசாமல் 'ஹெல்ம் டெம்ப்ளேட்' ஓட்டினால் அது உங்கள் கிளஸ்டரின் பதிப்பைச் சொல்லாது, ஹெல்முக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு எண்ணைச் சொல்லும். வாலாஜா சொன்னபடி வெளிவரும் யாம்லைச் சோதித்தால் தப்பான பதிப்பின் லிங்கைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். பதிப்பு எண்ணைக் கையால் கொடுத்து ஓட்ட ஒரு ஃப்ளாக் உண்டு, அதை மறக்காதீர்கள்.

நான் இப்போது செய்வது இன்னும் எளிது. வேல்யூஸ் ஃபைலின் தலையில் ஆவணப் பதிப்பு என்று ஒரே ஒரு வரி. எல்லா லிங்கும் அதிலிருந்து கட்டப்படும். உயர்த்தும் நாளில் அந்த ஒரு வரியை மாற்றி, சோதனையை ஓட்டி, சிவப்பு வந்ததை மட்டும் கையால் பார்க்கிறோம்.

பாலாற்றங்கரை · அடுத்த ஞாயிறு மாலை 5.30

ஒரு வாரம் உட்கார்ந்தோம். என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன், இந்த இழையைத் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

ரன்புக்குகளை முதலில் எடுத்தோம். விக்கியிலிருந்து மீட்டதை எல்லாம் அலர்ட் விதிகள் இருக்கும் அதே ரெப்போவுக்குள் கொண்டுவந்தோம். அலர்ட் பெயரும் ஃபைல் பெயரும் ஒன்றே. விதியில் லிங்க் இருந்து ஃபைல் இல்லையென்றால் கமிட் ஏறாது. இந்தச் சோதனைக்கு இணையமே தேவையில்லை என்பதால் இதை மட்டும் ஒவ்வொரு கமிட்டிலும் வைத்திருக்கிறோம். பொதுவான அலர்ட்களுக்கு ப்ரொமீதியஸ் ஆபரேட்டர் சமூகம் நடத்தும் ரன்புக் தளத்தின் லிங்க் வந்துகொண்டிருந்தது. அதை எடுக்கவில்லை, எங்கள் ஃபைலின் கடைசியில் வைத்தோம். முதலில் படிக்க வேண்டியது எங்கள் கிளஸ்டரில் எங்கே இடம் இருக்கிறது, யாரை எழுப்ப வேண்டும் என்பதுதான்.

வால்யூம் நிரம்பும் அலர்ட்டுக்கான ரன்புக்கை அந்தத் தம்பியையே எழுதச் சொன்னேன். அளவைக் கூட்டும் முன் ஸ்டோரேஜில் மீதி எவ்வளவு என்று பார்க்கும் கட்டளை முதல் வரி. 1.28இல் கூட்டியதைக் குறைக்க முடியாது என்பது இரண்டாவது வரி. அவனைவிட நன்றாக அதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

பாட் டெம்ப்ளேட்டுக்குள் இருந்த லிங்குகளை ஆம்பூர் அண்ணா சொன்னபடி தொடவில்லை, அடுத்த ரிலீஸில் மேலே நகர்த்துவோம். மேல் மெட்டாடேட்டாவில் இருந்தவற்றைத் திருத்தினோம், டிஃப் பார்த்துத்தான் விட்டோம், ஒரு பாட்கூட அசையவில்லை.

நான் முதலில் சொல்லியும் பிறகு யாரும் பேசாத ஒரு இடம் கடைசியில் மிஞ்சியது. நோட்களில் சிஸ்டம்டி யூனிட் ஃபைல். அதில் 'டாக்குமென்டேஷன்' என்று ஒரு வரி உண்டு, சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் அடித்தால் 'டாக்ஸ்' என்று காட்டுமே, அது. கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் எட்சிடியின் யூனிட்டை யாரோ கையால் எழுதியிருக்கிறார்கள், எட்சிடியைத் தொடங்கிய கோர்ஓஎஸ் நிறுவனத்தின் காலத்து கிட்ஹப் முகவரியோடு. எட்சிடி வேறு இடத்துக்கு மாறிப் பல வருடம் ஆகிறது. திருத்திவிட்டு டீமன் ரீலோடு (யூனிட் ஃபைல்களை மறுபடி படிக்கும் கட்டளை) மட்டும் கொடுத்தோம். அந்த ஒரு வரிக்காக எட்சிடியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் கூடாது.

ஒவ்வொரு ஃபோல்டருக்கும் லிங்கைப் பார்த்துக்கொள்ள ஒருவர் பெயர் போட்டிருக்கிறோம். ஞாயிறு இரவு ஓடும் சோதனையின் முடிவு அவருக்குத்தான் போகும்.

பாகாயம்_மாணவி · அடுத்த ஞாயிறு இரவு 8.15

லேப் கையேட்டில் இரண்டு முகவரியையும் மாற்றிக் கொடுத்தேன், சார் ஏற்றுக்கொண்டார். மைனர் பதிப்புக்குத் தனி முகவரி என்ற குறிப்பையும் சேர்த்தேன். அண்ணா, உங்கள் வேல்யூஸ் ஃபைலில் இருந்த அந்த யூசர் கைடு கமென்ட், சார்ட்டை எழுதியவர்களின் ரெப்போவில் இன்னும் அப்படியே இருக்கிறதா? இருந்தால் நான் திருத்தி அனுப்பலாமா? இதுவரை எந்தத் திறந்த மூல ரெப்போவுக்கும் நான் எதுவும் அனுப்பியதில்லை.

பாலாற்றங்கரை · அடுத்த ஞாயிறு இரவு 8.40

இருக்கிறதும்மா, இப்போதுதான் பார்த்தேன். ஒரே ஃபைலில் நான்கு இடம். தாராளமாக அனுப்புங்கள். அது எல்லாப் பதிப்புக்கும் பொதுவான சார்ட் என்பதால் பதிப்பு எண் போடாமல், கான்செப்ட்ஸ் பிரிவில் உள்ள இன்றைய பக்கத்தின் முகவரியைப் போடுங்கள். தலைப்புக் குறி வைத்தால் பக்கத்தைத் திறந்து அது சரியான பத்தியில் போய் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அவர்களுடைய பங்களிப்புக் குறிப்பில் சார்ட் பதிப்பு எண்ணையும் கூட்டச் சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் படியுங்கள். அனுப்பிய பிறகு லிங்கை இங்கே போடுங்கள், நானும் தம்பியும் பார்க்கிறோம்.